14.9 கிலோவிலிருந்து 12 கிலோ: எம்டிபி (மலைப்பாதை) சைக்கிளை இளைக்க வைத்த கணக்கு

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கி ஏறும் ஒற்றையடிப் பாதை. நடுவில் முப்பது நாற்பது கல்படிகள். ஓட்ட வழியில்லை, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏற வேண்டியதுதான். பாதியில் நின்று மூச்சு வாங்கியபோதுதான் முதல்முறையாகக் கேள்வி வந்தது: இது எத்தனை கிலோ? வாங்கும்போது கியர் எத்தனை, டிஸ்க் பிரேக்கா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டவன், எடையை மட்டும் கேட்கவில்லை. அன்று மாலை வீட்டில், விமானத்தில் போகிறவர்கள் பெட்டியை நிறுக்கும் கைத்தராசில் மாட்டிப் பார்த்தேன். 14 கிலோ 900 கிராம்.

அது 12 கிலோவுக்கு வர ஒன்றரை வருடம் ஆனது. அதற்குள் செய்த நல்லதும் கெட்டதும்தான் இந்த வழிகாட்டி. முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள அலுமினிய ஹார்ட்டெயில், 29 அங்குலச் சக்கரம், மாதச் சம்பளக்காரரின் பை. இவற்றை மனதில் வைத்தே எழுதுகிறேன். பந்தயக்காரர்களுக்கு வேறு கணக்கு.

செலவுக்கு முன் ஒரு மனக்கணக்கு

ஏற்றத்தில் கால் செய்யும் வேலையில் பெரும்பகுதி எடையை மேலே தூக்குவது. அங்கே சைக்கிளின் எடை மட்டும் கணக்கில்லை. ஆள், தண்ணீர், பை எல்லாம் சேர்ந்த மொத்தம்தான் கணக்கு. நான் 72 கிலோ. தண்ணீர், கருவி, காலணி என்று 3 கிலோ. சைக்கிளோடு சேர்த்துச் சுமார் 90. அதில் 2.9 கிலோ குறைந்தால் மொத்தத்தில் 3 சதவீதம் சொச்சம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏற எனக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். அதே பலத்தில் மிதித்தால் ஐந்தாறு நிமிடம் மிச்சமாகும், அவ்வளவுதான். முக்கால் லட்சம் செலவழித்து ஐந்து நிமிடமா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

தார்ச்சாலையில் மட்டும் ஓட்டுகிறவர் என்றால் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டு காசை வங்கியில் போடலாம். காட்டுப் பாதை அப்படியில்லை. அங்கே ஒரே வேகத்தில் இருபது மீட்டர்கூடப் போக முடியாது. வேர் வரும், கல் வரும், திடீர் வளைவு வரும். ஒவ்வொரு முறையும் வேகம் விழும், மறுபடி கூட்ட வேண்டும், முன்சக்கரத்தைத் தூக்கிப் போட வேண்டும். லேசான சைக்கிள் அங்கே சொன்ன பேச்சைக் கேட்கும். நிமிடக் கணக்கில் வராத இந்த லாபத்துக்காகத்தான் செலவு செய்கிறோம் என்று தெளிவாக இருந்தால் பிறகு ஏமாற்றம் இருக்காது.

சுழலும் எடை இரட்டிப்பு என்று சைக்கிள்காரர்கள் அடிக்கடி சொல்வார்கள். பாதி உண்மை. ரிம், டயர் போன்ற சக்கரத்தின் ஓரத்து எடை, வேகம் கூட்டும் நேரத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தெரியும். முன்னால் நகர்த்துவதோடு சுழற்றவும் வேண்டியிருப்பதே காரணம். ஒரே சீராக ஏறும்போது டயரின் 100 கிராமும் சீட்டின் 100 கிராமும் ஒன்றுதான்.

படி 1: தராசு, நோட்டு, மூன்று கட்டம்

சமையலறைத் தராசு ஒன்று போதும். 5 கிலோ வரை ஒரு கிராம் துல்லியத்தில் காட்டும். முழு சைக்கிளுக்குக் கைத்தராசு. எதைக் கழற்றினாலும் நிறுத்து எழுதுங்கள். நிறுவனம் போடும் எடையை நம்பி வாங்காதீர்கள். டயரில் இருபது முப்பது கிராம் கூடக் குறைய இருப்பது சகஜம்.

நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் எத்தனை கிராம் குறையும். இரண்டாவதில் ஒரு கிராமுக்கு எத்தனை ரூபாய். இந்த இரண்டையும் பலர் எழுதுவார்கள். மூன்றாவது கட்டம்தான் என் அனுபவத்தில் முக்கியம்: இது உடைந்தால் எனக்கு என்ன ஆகும்?

ஹேண்டில் பார், அதைப் பிடிக்கும் ஸ்டெம், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க், சீட்டைத் தாங்கும் சீட் போஸ்ட், பிரேக். இவை உடைந்தால் ஆஸ்பத்திரி. டயர், ரிம், செயின், கியர் மாற்றும் டிரெய்லர் போனால் நடை. கிரிப், சீட், பாட்டில் கூடு போனால் வெறும் எரிச்சல். எடைக் குறைப்பை எரிச்சல் வரிசையில் தாராளமாகச் செய்யலாம், நடை வரிசையில் யோசித்துச் செய்யலாம், ஆஸ்பத்திரி வரிசையில் காசு இருந்தால் மட்டும் செய்யலாம். மலிவாகவும் லேசாகவும் ஒரு ஹேண்டில் பார் கிடைக்கிறது என்றால் அது கிடைக்காமலே இருக்கட்டும்.

உறுதி, லேசு, மலிவு. மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்பது சைக்கிள் பாகங்களை வடிவமைத்த கீத் பொன்ட்ரேகர் சொன்னதாகப் பிரபலமான வாக்கு. பெரும்பாலும் சரிதான். ஆனால் மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும் சில சந்துபொந்துகள் உண்டு. முதலில் அவற்றைத் தேடிப் பிடிப்பதே கெட்டிக்காரத்தனம். எங்கெங்கே என்று போகப்போகச் சொல்கிறேன்.

படி 2: ஃபிரேம் இடம் கொடுக்கிறதா?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது சைக்கிள் பாகங்களுக்காகவே சொன்ன பழமொழி மாதிரி இருக்கும். 2,000 ரூபாய் மிச்சம் என்று ஒரு கேசட் (பின்சக்கரப் பற்சக்கரக் கொத்து) வாங்குவோம். அது ஏற வேறு ஃப்ரீஹப் (கேசட் ஏறி உட்காரும் உருளை) வேண்டும். ஃப்ரீஹப் மாற்ற அந்த ஹப்புக்கு (சக்கரத்தின் நடுக்குடம்) வழியில்லை. கடைசியில் சக்கரமே மாற்ற வேண்டும். ஆகவே எதையும் வாங்கும் முன் நான்கு விஷயம் பாருங்கள்.

ஃபோர்க்கின் தண்டு நுழையும் தலைக்குழாய் மேலிருந்து கீழ் ஒரே அகலமா, கீழே அகன்றதா? இப்போது வரும் நல்ல ஏர் ஃபோர்க்குகளில் (சுருளுக்குப் பதில் காற்று அடைத்தவை) பெரும்பாலானவை கீழே அகன்ற தண்டு கொண்டவை. ஒல்லியான தலைக்குழாயில் ஏறாது. அடுத்து பின்சக்கர அச்சு: 135 மி.மீ. குவிக் ரிலீஸா, 148 மி.மீ. பூஸ்ட் த்ரூ ஆக்சிலா? இது ஹப்பைத் தீர்மானிக்கும். மூன்றாவது ஃப்ரீஹப் வகை. பழைய ஹெச்ஜி ஃப்ரீஹப்பில் 11 பல்லில் தொடங்கும் கேசட்டுகள் ஏறும். ஷிமானோ நிறுவனத்தின் 10-51 (10 பல்லில் தொடங்கி 51 வரை) வேண்டுமானால் மைக்ரோஸ்ப்ளைன் ஃப்ரீஹப், ஸ்ராம் நிறுவனத்தின் 10 பல் கேசட்டுக்கு எக்ஸ்டி (XD) டிரைவர். கடைசியாக, ரிம் டியூப்லெஸுக்கு ஏற்றதா?

தலைக்குழாய் ஒல்லி, அச்சு பழசு என்றால் என் ஆலோசனை கசப்பானது. காசில்லாமல் செய்யக்கூடியதை மட்டும் செய்து ஓட்டுங்கள். பெரிய தொகை சேர்ந்ததும் இதை விற்று, நல்ல ஃபிரேம் உள்ள செகண்ட்ஹேண்ட் சைக்கிளுக்குப் போங்கள். சாதாரண அலுமினிய ஃபிரேம் 2 கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். மெல்லிய சுவர் கொண்ட நல்ல அலுமினியம் 1.6 முதல் 1.8 கிலோ. கார்பன் என்றால் ஒரு கிலோவை ஒட்டி. ஃபிரேம் மாற்றி மிச்சமாகும் எடைக்கு ஆகும் செலவு யானை விலை குதிரை விலை. அதனால் என் ஃபிரேமை நான் தொடவே இல்லை.

படி 3: கழற்றுவதற்குக் காசு வேண்டாம்

சைட் ஸ்டாண்ட் இலவசமாகப் போட்டுத் தருகிறேன் என்று கடைக்காரர் ஆசையாகச் சொல்வார். அந்த இலவசம் 390 கிராம். கேசட்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தட்டு, சக்கரத்தில் பூப்போல ஒட்டியிருக்கும் ரிஃப்ளெக்டர்கள், எதற்கென்றே தெரியாத ஒரு கிளாம்ப். எல்லாம் சேர்த்து எனக்கு 540 கிராம் குறைந்தது. செலவு பூஜ்யம். இரவில் சாலையில் ஓட்டுகிறவர்கள் ரிஃப்ளெக்டரை மட்டும் விட்டுவையுங்கள்.

இதே நாளில் எரிச்சல் வரிசையையும் முடித்துவிடலாம். ரப்பர் கிரிப்புக்குப் பதில் சிலிக்கான் நுரை கிரிப் போட்டால் 50 கிராம் குறையும், கைக்கும் மெத்தென்று இருக்கும். சீட்டில் 130 கிராம் குறைந்தது. சீட் மட்டும் எடை பார்த்து வாங்கும் பொருளல்ல. உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள். ஒத்துவராத லேசான சீட்டைவிட ஒத்துவரும் கனமான சீட் மேல்.

படி 4: டயர்

இங்கேதான் நான் சறுக்கினேன்.

சைக்கிளோடு வந்த டயர் ஒவ்வொன்றும் 850 கிராம், ஓரத்தில் இரும்புக் கம்பி வைத்தது. நோட்டைப் பார்த்ததும் கை பரபரத்தது. பட்டியலில் இருந்ததிலேயே லேசானதாக, 560 கிராம் பந்தய டயர் ஒரு ஜோடி வாங்கினேன். இரண்டு டயரிலும் சேர்த்து 580 கிராம் மிச்சம்! முதல் இரண்டு ரைடும் பறந்தேன் என்றே சொல்ல வேண்டும்.

மூன்றாவது ரைடில் ஒரு பாறைச் சரிவு. பெரிய வேகம்கூட இல்லை. பின்டயரின் பக்கச்சுவர் ஒரு கூர்க்கல்லில் உரசியது. 'ஸ்ஸ்' என்ற சத்தத்தோடு சீலன்ட் (டியூப்லெஸ் டயருக்குள் ஓட்டையை அடைக்க ஊற்றும் திரவம்) பால் மாதிரி பீச்சியடித்துக் கெண்டைக்காலில் பட்டது. விரலை வைத்து அடைத்துப் பார்த்தேன், சக்கரத்தைச் சாய்த்துச் சுற்றிப் பார்த்தேன். முள் குத்திய ஓட்டையை, ஆணி ஓட்டையைச் சீலன்ட் அடைக்கும். கட்டைவிரல் நகம் அகலத்துக்கு வாய் பிளந்த கிழிசலை அடைக்காது. கடைசியில் டயரை ஒரு பக்கம் கழற்றி, பர்ஸிலிருந்த பத்து ரூபாய் நோட்டை நாலாக மடித்துக் கிழிசலுக்கு உட்புறம் வைத்து, டியூபைப் போட்டுப் பாதிக் காற்றடித்தேன். ஏழு கிலோமீட்டர், பாதி உருட்டல், பாதி ஓட்டல். நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, பால் காய்ந்து அட்டை மாதிரி.

டயரின் பிழை அல்ல, அது மிருதுவான மண் தடத்துக்குச் செய்த டயர். நான் அதைக் கொண்டுபோய்ப் பாறையில் விட்டேன். அப்புறம் வாங்கியது பக்கச்சுவருக்குத் தனிக் காப்பு நெய்த 690 கிராம் மடிப்பு டயர், 2.25 அங்குலம். பழைய டயரோடு பார்த்தால் ஜோடிக்கு 320 கிராம் குறைவு. இன்றுவரை கிழியவில்லை. நம் பக்கத்துக் கல்லுக்கும் என் எடைக்கும் 650-க்குக் கீழே போவது வம்பு என்பது என் முடிவு. 60 கிலோ ஆள், மண் பாதை மட்டும் என்றால் இன்னும் கொஞ்சம் இறங்கலாம். முன்டயர் லேசானது, பின்டயர் கனமானது என்று கலந்து போடுவதும் நல்ல வழி. அடி அதிகம் படுவது பின்சக்கரம்தான்.

அடுத்து டியூப். 29 அங்குலச் சாதாரண டியூப் ஒன்று சுமார் 210 கிராம். டியூப்லெஸ் ஆக்கினால் சீலன்ட் 100 மில்லி, வால்வும் டேப்பும் 20 கிராம், ஆக 120. சக்கரத்துக்கு 90 கிராம் லாபம். எடைக்காக மட்டும் பார்த்தால் இதைவிட டிபியு (லேசான பிளாஸ்டிக்) டியூப் மேல்: 29 அங்குலத்துக்கு 85 கிராம் அளவிலேயே கிடைக்கிறது. ஆனாலும் டியூப்லெஸ்தான் போட்டேன். காரணம் சீமைக்கருவேலம். மலையடிவாரம் வரை போகிற மண் பாதையெல்லாம் அந்த முள் கொட்டிக் கிடக்கிறது. ஒருமுறை பின்டயரிலிருந்து ஐந்து முள் பிடுங்கினேன், வழியில் எங்கும் நிற்காமலே வந்திருக்கிறேன். போதாததற்கு, டியூப் நசுங்கிப் பஞ்சராகும் பயம் இல்லாததால் காற்றைக் குறைத்து ஓட்டலாம், பிடிப்பு கூடும். நான் சொன்ன சந்துபொந்துகளில் இது ஒன்று: லேசு, மலிவு, உறுதி மூன்றும் ஒரே இடத்தில். டிபியு டியூப் ஒன்றைச் சுருட்டி அவசரத்துக்குப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்; அதற்கு அதைவிட நல்ல இடமில்லை.

டியூப்லெஸுக்கு ஏற்காத பழைய ரிம்மில் டேப்பைச் சுற்றிச் சமாளிக்கலாம் என்று சிலர் செய்கிறார்கள். வளைவில் டயர் ரிம்மை விட்டு நழுவினால் கதை வேறு. செய்யாதீர்கள்.

படி 5: சக்கரம்

சைக்கிளோடு வந்த சக்கர ஜோடி, டயர் இல்லாமல் 2,480 கிராம். புதிதாகக் கோத்தது 1,880. இந்த 600 கிராமில் பெரும்பங்கு ரிம்மிலிருந்து வந்தது. எக்ஸ்சி (கிராஸ் கன்ட்ரி) வகை நல்ல அலுமினிய ரிம் ஒன்று 400 முதல் 450 கிராமுக்குள் இருக்கும். கார்பன் ரிம் அதைவிட 50 முதல் 100 கிராம் குறையலாம், விலை பல மடங்கு. அலுமினியம் அடிபட்டால் நெளியும். ஓரத்தைக் குறடால் நிமிர்த்திக்கொண்டு வீடு வந்து சேரலாம். கார்பன் அடி தாங்குகிற வரை தாங்கும், தாங்காதபோது விரிசல்தான்.

போக்ஸ் கம்பிக்கு வருவோம். இது பலருக்குத் தெரியாத இரண்டாவது சந்து. முழு நீளமும் 2 மி.மீ. தடிமனுள்ள கம்பி 64 போட்டால் சுமார் 460 கிராம். இரண்டு முனையில் 2 மி.மீ., நடுவில் 1.8 மி.மீ. என்று இளைத்த கம்பி என்றால் சுமார் 390. நடு இளைத்தால் பலம் குறையுமே என்று தோன்றும். நடப்பது நேர் எதிர். கம்பி உடைவது பெரும்பாலும் ஹப் பக்கத்து வளைவிலோ ரிம் பக்கத்து நிப்பிள் மரையிலோதான், நடுவில் அல்ல. நடுப்பகுதி இளைத்திருந்தால் அது கொஞ்சம் நீண்டு கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். வளைவுக்கு வரும் அலுப்பு குறையும். எடையும் குறைந்து ஆயுளும் கூடுகிறது. 1.5 மி.மீ. நடு கொண்ட கம்பியும் உண்டு, 310 கிராமுக்கு இறங்கலாம். கோக்கும்போது முறுக்கிக்கொண்டு உயிரை வாங்கும், சக்கரமும் பக்கவாட்டில் கொஞ்சம் தளரும். எனக்கு 1.8 போதும். கம்பி எண்ணிக்கையை 32-லிருந்து 28 ஆக்கினால் ஜோடிக்கு ஐம்பது கிராம் சொச்சம் குறையும். ஒரு கம்பி போனால் கோட்டம் அதிகமாகத் தெரியும். நான் 32-லேயே நின்றேன்.

நிப்பிள் பித்தளையா, அலுமினியமா? 64 பித்தளை நிப்பிள் 60 கிராமைச் சுற்றி, அலுமினியம் அதில் மூன்றில் ஒரு பங்கு. நாற்பது கிராமுக்கு ஆசைப்பட்டு அலுமினியம் போட்டால், ஈரத்திலும் உப்புக்காற்றிலும் அரித்து, கோட்டம் எடுக்கும்போது சாவியிலேயே நசுங்கும். கடற்கரை ஊர்க்காரர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சக்கரம் கோக்கக் கை தேர்ந்த ஆளைப் பிடியுங்கள். எனக்குக் கோத்தவர் அறுபதைத் தாண்டியவர், கடைக்குப் பெயர்ப்பலகைகூட இல்லை. கோட்டம் எடுத்து முடித்ததும் இணையாக ஓடும் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து இரு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஒரு சுற்று வந்தார். ஒவ்வொரு பிடிக்கும் 'டிக், டிக்' என்று சத்தம். கம்பி முறுக்கு விட்டுத் தன் இடத்தில் உட்காரும் சத்தம் அது. மறுபடி ஸ்டாண்டில் மாட்டிப் பார்த்தால் கோட்டம் கொஞ்சம் திரும்ப வந்திருந்தது. எடுத்தார். மறுபடி அழுத்தினார். மூன்றாவது சுற்றில் சத்தமே வரவில்லை; "இப்ப எடுத்துட்டுப் போ தம்பி" என்றார். இந்த அழுத்தும் வேலையைச் செய்யாமல் கொடுத்த சக்கரம் முதல் வாரத்திலேயே ஆடத் தொடங்கும். ரிம்மில் மிச்சம் பிடித்தாலும் கோக்கும் கூலியில் பிடிக்காதீர்கள்.

படி 6: கியர்

முன்னால் மூன்று தட்டு இருக்கும் சைக்கிளை ஒரே தட்டுக்கு மாற்றுவதை ஒன் பை என்பார்கள். ஸ்ராம் 2012-இல் எக்ஸ்எக்ஸ்1 கொண்டுவந்த பிறகு எம்டிபி உலகமே மெல்ல இந்தப் பக்கம் வந்துவிட்டது. முன் டிரெய்லர், அதன் ஷிஃப்டர், கேபிள், இரண்டு தட்டு எல்லாம் போய்விடும். பின்னால் பெரிய கேசட் வருவதால் அதில் ஒரு பகுதி எடை திரும்பி வரும். பெடல் மாட்டும் தண்டான கிராங்கையும் மாற்றியதில் எனக்கு நிகரமாக 480 கிராம் குறைந்தது. கெட்டுப்போக ஒரு பாகம் குறைவு என்பது எடையைவிடப் பெரிய லாபம். தட்டு மட்டும் அகலப் பல்லும் ஒல்லிப் பல்லும் மாறி மாறி வரும் வகையாக இருக்கட்டும், செயின் துள்ளிக் கழலாது.

ஃப்ரீஹப் மாற்றாமல் 10 கியர், 11-46 கேசட் போட்டேன். 12 கியருக்குப் போகிறவர்களுக்கு ஷிமானோ வரிசையே நல்ல பாடம். 10-51 கேசட் டியோரில் சுமார் 590 கிராம், எஸ்எல்எக்ஸில் 530, எக்ஸ்டியில் (XT) 470, எக்ஸ்டிஆரில் 367. முதல் இரண்டு படிக்கும் இடையே விலை ஓரளவு கூடும். கடைசிப் படியில் எகிறும். டியோர் முழுக்க எஃகு. எக்ஸ்டிஆரில் பெரிய பற்சக்கரங்கள் அலுமினியம், நடுவில் டைட்டானியம். லேசான உலோகம் எஃகைவிடச் சீக்கிரம் தேயும், ஏற்றம் முழுக்க நாம் இருப்பதோ அந்தப் பெரிய பல்லில். தேய்ந்து போகும் பொருளில் அதிகக் காசு போடாதீர்கள் என்பது என் பொது விதி. கேசட்டில் கஞ்சத்தனம் பிடித்து, தேயாத கிராங்கில் கொஞ்சம் தாராளமாக இருங்கள். எதிர்ப்பக்கம் போகிறவர்களுக்கு ஷிமானோவின் லிங்க்கிளைட் இருக்கிறது. தடித்த பல், கூடுதல் எடை, மூன்று மடங்கு உழைக்கும் என்பது நிறுவனத்தின் வாக்கு. தினமும் வேலைக்கும் அதே சைக்கிளில் போகிறவர் என்றால் அதையே எடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 7: ஃபோர்க்

மலிவு ஃபோர்க்கின் உள்ளே எஃகுச் சுருள், எஃகுத் தண்டு, எஃகுக் கால். என்னுடையது 2,680 கிராம். ஏர் ஃபோர்க் போட்டதும் 1,990. ஒரே பாகத்தில் 690 கிராம்; வேறெங்கும் இவ்வளவு கிடைக்காது. செலவும் இதுதான் அதிகம். ஆனால் இதை எடைக்காக வாங்கினேன் என்று சொன்னால் பொய். சுருள் எல்லா உடம்புக்கும் ஒரே விறைப்பு. காற்று என்றால் என் எடைக்கு ஏற்ப அடித்துக்கொள்ளலாம். ஏறி நின்றதும் பயணத் தூரத்தில் 15 முதல் 20 சதவீதம் அமுங்குகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட லேசாகப் போனால் ராக்ஷாக்ஸ் சிட் மாதிரி ஒன்றரை கிலோ ஃபோர்க்குகள் உண்டு. விலையைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிட்டேன்.

தண்டை அறுக்கும்போது நிதானம். முதலில் நீளமாக விட்டு, ஸ்பேசர் போட்டு ஒரு மாதம் ஓட்டிப் பார்த்து, உயரம் பழகிய பிறகு அறுங்கள். அறுத்ததை ஒட்ட முடியாது.

படி 8: கை பிடிக்கும் இடமும் உட்காரும் இடமும்

மலிவு சைக்கிள்களில் ஹேண்டில் பார் எஃகாக இருக்கலாம். காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். எனக்கு ஒட்டியது, 530 கிராம். நல்ல பெயருள்ள அலுமினிய பார் 320. கிராமுக்கு 9 ரூபாய்தான் ஆனது.

கார்பன் பார் இன்னும் 110 கிராம் குறைக்கும், கிராமுக்குத் தொண்ணூறு ரூபாய் பக்கம் வந்தது, விட்டுவிட்டேன். நம்பகமான தயாரிப்பாளரின் கார்பன் பார் பலமானதுதான். ஆனால் அதைக் கட்டுகிற கை சரியாக இருக்க வேண்டும்: இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச், கார்பன் பேஸ்ட், பார் மேல் எழுதியிருக்கும் அளவு (பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டரை ஒட்டி), ஸ்டெம்மின் நான்கு போல்ட்டும் குறுக்குக் குறுக்காகச் சமமான இடைவெளியோடு. இணையத்தில் பாதி விலைக்கு வரும் ஊர் பேர் தெரியாத கார்பன் பாரை என் எதிரிக்குக்கூட வாங்கித் தர மாட்டேன். அலுமினியமும் சாகாவரம் பெற்றதல்ல. சிறு சிறு அதிர்வுகள் சேர்ந்து அலுத்துப்போகும் உலோகம் அது. பலமாக விழுந்து பார் வளைந்தால் நிமிர்த்தாதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

டைட்டானியம் போல்ட் என்று ஒரு மோகம் உண்டு. சைக்கிள் முழுக்க மாற்றினாலும் நாற்பது ஐம்பது கிராம்தான். செய்கிறவர்கள் செய்யட்டும். பிரேக்கிலும் ஸ்டெம்மிலும் அலுமினிய போல்ட் மட்டும் போடவே கூடாது.

பிரேக்கில் எடை குறைக்க நான் முயலவே இல்லை. முன்னால் 180 மி.மீ. டிஸ்க் அப்படியே இருக்கிறது, இறக்கத்தில் சூடு தாங்க அது வேண்டும்.

கடைசியில் ஒரு கூத்து. இவ்வளவு குறைத்த பிறகு டிராப்பர் போஸ்ட் வாங்கினேன். ஒரு நெம்பை அழுத்தினால் சீட் கீழே இறங்கும். செங்குத்தான இறக்கத்தில் உடம்பைப் பின்னால் தள்ள இடம் கிடைக்கும். எடை 340 கிராம் கூடியது. நண்பர்கள் சிரித்தார்கள். குறைத்த எடையில் ஒரு பங்கைக் கொடுத்துத் தைரியத்தை வாங்கியிருக்கிறேன் என்றேன். இறக்கத்தில் இப்போது அவர்கள்தான் பின்னால் வருகிறார்கள்.

நோட்டின் கணக்கு

எனக்கு ஆனது இது. நீங்கள் வாங்கும் நேரத்தில் விலை மாறும், வரிசை அவ்வளவாக மாறாது.

கழற்றியது: 540 கிராம், செலவில்லை.
ஹேண்டில் பார்: 210 கிராம், கிராமுக்கு 9 ரூபாய்.
கிரிப்: 50 கிராம், 14 ரூபாய்.
டியூப்லெஸ்: 180 கிராம், 15 ரூபாய்.
டயர்: 320 கிராம், 20 ரூபாய். கிழிந்த ஜோடியின் காசு இதில் இல்லை, அது படிப்புச் செலவு.
சீட்: 130 கிராம், 20 ரூபாய்.
கியர்: 480 கிராம், 25 ரூபாய்.
சக்கரம்: 600 கிராம், 35 ரூபாய்.
ஃபோர்க்: 690 கிராம், 40 ரூபாய்.

மொத்தம் 3 கிலோ 200 கிராம். டிராப்பரின் 340-ஐக் கூட்டினால் சைக்கிள் இப்போது 12 கிலோ 40 கிராம். டிராப்பரை விட்டுப் பார்த்தால் செலவு 75,000-க்கு நூறு ரூபாய் குறைவு. பழைய ஃபோர்க்கையும் சக்கரத்தையும் விற்றதில் கொஞ்சம் திரும்பி வந்தது. பையில் 20,000 ரூபாய்தான் இருக்கிறது என்றால் மேலிருந்து சீட் வரை செய்து நிறுத்துங்கள், 1,400 கிராமுக்கு மேல் குறைந்துவிடும். ரிம் டியூப்லெஸுக்கு ஏற்காவிட்டால் அந்த வரிக்குப் பதில் டிபியு டியூப்.

லேசான சைக்கிளுக்குக் கவனிப்பு அதிகம்

நம் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காயும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வால்வின் நடுவைக் கழற்றிக் குச்சி விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டவில்லை என்றால் ஊற்றுங்கள். ஏர் ஃபோர்க்கின் கீழ்க்காலைச் சுமார் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றி எண்ணெய் மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் அதற்கும் முன்பே. செயினைத் தேய்மான அளவுகோலால் பார்த்துக்கொண்டே இருங்கள். 11, 12 கியர் செயின் 0.5 சதவீதம் நீண்டதுமே மாற்றினால் கேசட் இரண்டு மூன்று செயினுக்குத் தாங்கும், விட்டுவிட்டால் கேசட்டையும் கூட்டிக்கொண்டு போய்விடும். புதுச் சக்கரத்தை முதல் நூறு கிலோமீட்டருக்குப் பிறகு ஒருமுறை கோட்டம் பார்க்கக் கொடுங்கள். நான் கொண்டுபோனபோது பெரியவர் சக்கரத்தை இரண்டு முறை சுற்றிவிட்டு, ஒரு கம்பியைக்கூடத் தொடாமல் திருப்பிக் கொடுத்தார். காசும் வாங்கவில்லை.